ஞாயிற்றுக்கிழமைக்காரர்களுக்கு ஒரு பெயர்

மேனாட்டு இசைக் குழு ஒன்றின் பெயரை, வெகு காலம், ஒரு மனிதரின் பெயர் என்றே நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்போது டில்லியில், கரோல் பாக்கில் ஒரு வாடகை வீட்டின் மாடியில் இருந்தோம். அப்பா மத்திய சர்க்காரில் குமாஸ்தா. திருநெல்வேலிக்காரர். இலவசமாகக் கிடைக்கும் எந்தச் சங்கீதத்தையும் விடமாட்டார். வெளிநாட்டு நூலகம் ஒன்றிலிருந்து கேஸட்டுகளை இரவல் வாங்கி வருவார். அப்படி வந்த ஒன்றின் அட்டையில், பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில், நான்கு பேர் நின்றிருந்தார்கள். இரண்டு வயலின், கொஞ்சம் பெரிய வயலின் போல ஒரு வியோலா, இன்னும் பெரிதாக ஒரு செல்லோ. மேலே பெரிய எழுத்தில் ஒரே ஒரு பெயர். சபா நோட்டீஸ் பார்த்து வளர்ந்த வீட்டுக்கு இதில் புரிய என்ன இருக்கிறது? பெரிய எழுத்துக்காரர் கச்சேரி செய்பவர், மற்ற மூவரும் பக்கவாத்தியம். அவர்கள் பெயரைப் போடக்கூட அட்டையில் இடம் தரவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

சில வருஷம் கழித்து அதே பெயரோடு வேறொரு கேஸட் வந்தது. அதே இசை. ஆனால் நான்கு முகமும் புதிது. நான் அப்பாவிடம், "அவர் போய்ச் சேர்ந்துட்டாரு போல. மகன்தான் இப்போ வாசிக்கான்" என்றேன்.

அப்பா கேஸட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அடப்பாவமே, நல்ல மனுசன்" என்றார். அன்றைக்குச் சாப்பிடும்போதுகூட இரண்டு தரம் அவரை நினைத்துக்கொண்டார்.

இந்தக் கதையை என் ஐம்பதாவது வயதை ஒட்டி எங்கள் இசைக் குழுவின் டாக்டரிடம் சொன்னபோது, அவர் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த வியோலா நழுவப் பார்த்தது. டாக்டர் வங்காளி, கண் மருத்துவர். அது யாருடைய பெயரும் இல்லை, ஓர் ஊரின் பெயர் என்று அவர்தான் சொன்னார். அந்த நால்வரும் அந்த ஊரில் ஒத்திகை பார்க்க ஆரம்பித்தவர்கள், அவ்வளவுதான். எனக்கு அதைக் கேட்டுச் சிரிப்பு வரவில்லை. நான்கு பேர் தங்கள் சொந்தப் பெயரைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய் வாசித்திருக்கிறார்கள் என்பதை நினைத்து அசந்து போனேன்.

நாங்களும் நான்கு பேர்தான். கிட்வாய் நகரில் என் கணவருக்கு ஒதுக்கப்பட்ட குவார்ட்டர்ஸில், இரண்டாவது மாடியில், ஞாயிறு காலைகளில் கூடினோம். முதல் வயலின் வாசித்தவரை நான் சார் என்றுதான் கூப்பிடுவேன். கும்பகோணத்துக்காரர், லோதி ரோடு பக்கம் ஓர் அலுவலகத்தில் என்னைவிட இரண்டு படி மேலே இருந்த அதிகாரி, சென்னையில் பள்ளிக்கூட நாளிலேயே மேனாட்டு முறையில் வயலின் படித்தவர். வியோலா டாக்டர். செல்லோ வாசித்தவர் மிசோரம்காரர், பள்ளி ஆசிரியர், சர்ச்சில் படித்தவர். அவருடைய செல்லோப் பெட்டி மெட்ரோ ஸ்கேனரில் நுழையாது என்பதால் வாராவாரம் ஆட்டோக்காரர்களோடு பேரம் பேசிக் களைத்துத்தான் வந்து சேர்வார். இரண்டாம் வயலின் நான். கரோல் பாக்கில் ஒரு மாமியிடம் சப்பணம் போட்டுக் கர்நாடக வயலின் கற்றவள், நாற்பது வயதுக்கு மேல் நாற்காலியில் உட்கார்ந்து தாடைக்கு அடியில் வயலினை இடுக்கப் பழகினேன். கழுத்து இன்றைக்கும் வலிக்கிறது.

அந்தக் குழு எனக்கு என்னவாக இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆபீஸில் குறிப்பு எழுதுவது நான், கையெழுத்து வேறொருவர். வீட்டில் சமைப்பது நான், மெனு மாமியார். சங்கீதத்திலும், கல்யாணத்துக்கு முன்பு நான் வாசித்ததெல்லாம் பாடுகிறவர்களுக்குப் பின்னால்தான். யாராவது ஒருவர் முன்னே போக, நான் பின்னே போயே பழகிவிட்டேன். வாரத்தில் அந்த ஒரு காலைப்பொழுது மட்டும் நான் யாருக்கும் பின்னால் இல்லை. அது போய்விட்டால் எனக்கு வேறொன்று கிடைக்கும் என்று நம்பும் வயதும் இல்லை.

ஆனால் பழக்கம் லேசில் விடுகிறதா? ஆரம்பத்தில் எங்கள் வாசிப்பில் ஏதோ ஒன்று பிசகிக்கொண்டே இருந்தது. சுருதி சரி, தாளம் சரி, ஆனால் எல்லாம் ஒரு நூல் அளவு கலங்கிக் கேட்டது. மூல காரணம் நான்தான். பாட்டுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கிற வயலின் பாடகரின் நிழலாகப் போக வேண்டும், அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, கேட்ட மாத்திரத்தில் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்த வித்தையைத்தான் நான் சாருக்குச் செய்துகொண்டிருந்தேன். அவர் எடுத்ததும் எடுப்பேன், ஒரு மயிரிழை பின்னால். பணிவு என்று நினைத்துக்கொண்டு மற்ற மூன்று பேர் உழைப்பையும் கெடுத்துக்கொண்டிருந்தேன்.

அதைத் தீர்த்து வைத்தது ஒரு விளையாட்டு. வாசித்து முடித்துக் காபி குடிக்கும் நேரத்தில், நாங்கள் வாசிக்கும் அதே பகுதியை வேறு வேறு குழுக்கள் பதிவு செய்ததைக் கேட்போம். போடுகிறவர் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார். மற்றவர்கள் கேட்டு, எந்தக் குழு என்று பெயர் சொல்ல வேண்டும். வாசிப்பவரின் பெயரைச் சொன்னால் செல்லாது, குழுவின் பெயர்தான். தோற்றவர் காபி டம்ளர் கழுவ வேண்டும். நான் மாதக்கணக்கில் கழுவினேன்.

முதலில் எனக்கு எல்லாம் ஒன்றாகவே கேட்டன. பிறகு மெல்ல மெல்லக் காது திறந்தது. ஒரு குழு மெதுவான பகுதியைப் பூஜையறைக்குள் நுழைவது போலத் தொடும். இன்னொன்று அதையே அவசர வேலையாகப் போகிறவர் நின்று நலம் விசாரிப்பது போல வாசித்துவிட்டுப் போகும். எழுதியிருப்பது ஒன்றுதான், ஒரு சுரம் கூடவோ குறையவோ கிடையாது. ஒரே ரசம், ஒரே புளி, ஒரே மிளகு, ஆனால் வீட்டுக்கு வீடு வேறு. இதில் என்னைத் தூக்கி வாரிப்போட்டது என்னவென்றால், நான் தேடித் தேடிக் கேட்ட இரண்டாம் வயலின்கள் எதுவும் முதல் வயலினைத் தொடரவில்லை. யாரும் யாரையும் தொடரவில்லை. நன்றாகக் காது கொடுத்தால், தொடங்கும் முன் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் பதிவில் கேட்கிறது. நான்கு மூக்கு, ஒரு மூச்சு. அதை முதல் தடவை கேட்ட அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்த ஞாயிறு நான் சாரின் வில்லைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் தோளைப் பார்த்தேன். எல்லாரும் ஒன்றாக மூச்சு இழுத்தோம். கலங்கல் தெளிந்துவிட்டது.

குழுக்களின் பெயர்க் கதைகளையும் டாக்டர் ஒவ்வொன்றாகச் சொல்வார். தலைவரின் பெயரையே வைத்துக்கொண்ட குழுக்கள் பழைய காலத்தில் நிறைய. அப்புறம் ஊர்ப் பெயர், ஆற்றின் பெயர், வயலின் செய்த தச்சர் ஒருவரின் பெயர், ஓவியரின் பெயர். யாரோ சிலர் தாங்கள் ஒத்திகை பார்த்த தெருவின் பெயரையே வைத்துக்கொண்டார்களாம். எங்களுக்கு அப்போது பெயர் எதுவும் கிடையாது. தேவைப்படவும் இல்லை.

தேவை ஒரே வாரத்தில் இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. லோதி ரோட்டுப் பக்கம் ஒரு பள்ளியின் அரங்கில் எங்களை வாசிக்கக் கூப்பிட்டார்கள், பேனருக்குப் பெயர் கேட்டார்கள். அதே வாரம் சாருக்கு நாக்பூருக்கு மாற்றல் வந்தது. கச்சேரி முடிந்த கையோடு அவர் கிளம்ப வேண்டும்.

டில்லியில் சர்க்கார் உத்தியோகக் குடும்பங்களுக்கு மாற்றல் புதிதல்ல. எதிர்வீட்டில் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள், நாமும் பழகிக்கொள்வோம். ஆனால் இது வேறு. முதல் வயலின் இல்லாத நால்வர் குழு என்ன குழு? மற்ற இரண்டு பேரும் ஆளுக்கொரு காரணம் சொல்லி வராமல் நின்றுவிடுவார்கள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அதனால்தானோ என்னவோ, சாரின் பெயரையே குழுவுக்கு வைத்துவிடலாம் என்று நான்தான் முதலில் சொன்னேன். மரியாதைக்கு மரியாதை, நினைவுக்கு நினைவு. டாக்டரும் ஆசிரியரும் அச்சா அச்சா என்றார்கள். சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குச் சந்தோஷம் என்பது நன்றாகவே தெரிந்தது.

அன்று விளையாட்டுக்குப் பதிவு கொண்டுவந்தது டாக்டர். மூன்று பதிவுகள். நாங்கள் கச்சேரிக்கு எடுத்திருந்த அதே மெதுவான பகுதி. அதில் ஓர் இடம் உண்டு. ஆரம்பத்தில் வந்த மெட்டு எங்கெங்கோ சுற்றிவிட்டுக் களைத்துத் திரும்பி வரும். திரும்புவதற்குச் சற்று முன்னால் ஒரு சின்ன மௌனம். எழுதினவர் அங்கே நில் என்று எதுவும் குறிக்கவில்லை. சிலர் நிற்பார்கள், பலர் காலி ஸ்டாப்பில் டிடிசி பஸ் போவது போல நிற்காமல் போய்விடுவார்கள்.

எங்கள் குழுவில் அந்த இடத்தில் நாங்கள் நின்றோம், அதுவும் ரொம்ப நேரம். அதற்குக் காரணம் கலை அல்ல, கீழ்வீட்டு ஆன்ட்டியின் குக்கர். ஒரு ஞாயிறு சரியாக அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தபோது, தரைத் தளத்துப் பஞ்சாபி ஆன்ட்டி வீட்டில் ராஜ்மாவுக்கு வைத்த குக்கர் விசில் அடித்தது. நான்கு பேரும் வில்லை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு அது முடியும்வரை நின்றோம். முடிந்ததும் சேர்ந்து மெட்டுக்குள் இறங்கினோம். இறங்கிய விதம் அவ்வளவு நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு குக்கர் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் அந்த ஒரு விசில் நேரம் எங்கள் வாசிப்பில் தங்கிவிட்டது.

டாக்டர் போட்ட முதல் பதிவு இரைச்சலோடு இருந்தது, ரொம்பப் பழையது. அந்த இடம் வந்தது. நின்றார்கள். எங்களை விடக் குறைவாக, ஆனால் நிற்கும் முன் வியோலா மட்டும் கடைசியாக விரலை எடுத்தது போல ஒரு சின்ன இழுப்பு. இரண்டாவது பதிவு அதைவிடத் தெளிவு, வாசிப்பு வேகம். அதே இடம். அதே நிற்பு, வியோலாவின் அதே இழுப்பு. மூன்றாவது சமீபத்தியது. வயலின்களின் குரலே வேறு, ஆட்கள் இளையவர்கள் என்று கேட்டாலே தெரிந்தது. அந்த இடம் வந்தது. நின்றார்கள். வியோலா கடைசியாக விரலை எடுத்தது.

டாக்டர் போனை நிமிர்த்தினார். மூன்றும் ஒரே பெயர். என் அப்பா அழாத குறையாக இரங்கினாரே, அதே பெயர். முதல் பதிவில் வாசித்தவர்களில் ஒருவர்கூட மூன்றாவதில் இல்லை. நான்கு பேரும் எப்போதோ போய்விட்டார்கள்.

"அப்புறம் அதை யார் வாசிக்கறா?" என்றார் சார், தமிழில். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

டாக்டர் விளக்கினார். நான்கு பேரும் ஒரே சமயத்தில் மாறவில்லை. ஒருவர் ஓய்வு பெற, ஒருவர் வந்தார். பிறகு இன்னொருவர். எப்போதும் மூன்று பேர் இருந்தார்கள், வந்தவர் அந்த மூன்று பேரோடு மூச்சு விட்டார். யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள், தங்களுக்கு அப்படி ஒரு பழக்கம் இருப்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது என்றார். அந்த நிற்புக்கு முதன்முதலில் என்ன காரணமோ? ஏதாவது மாதாகோயில் மணியா, யார் வீட்டு அடுப்படியா? அதைச் சொல்ல ஒருவரும் உயிரோடு இல்லை. ஆனால் நிற்பு இருக்கிறது. சத்தத்தைப் பதிவு செய்வது பெரிய விஷயம் என்று நினைத்திருந்தேன். சத்தமே இல்லாத ஓர் இடம் இத்தனை கை மாறிச் சிந்தாமல் வந்திருக்கிறதே என்று பிரமித்து உட்கார்ந்திருந்தேன். காபி ஆறிப்போயிற்று.

சார் எழுந்து பால்கனிக்குப் போய்ச் சற்று நின்றுவிட்டு வந்தார். "மேடம், என் பேர் வேண்டாம்" என்றார்.

"ஏன் சார்? எல்லாருக்கும் சம்மதம்தானே."

"எனக்கும் ஆசையாத்தான் இருந்தது. ஆனா என் பேரை வெச்சா, நான் போறச்சே கதவைச் சாத்திப் பூட்டிண்டு சாவியையும் எடுத்துண்டு போற மாதிரி ஆயிடும். எனக்கப்புறம் வர்றவன் எந்த முகத்தோட அந்த நாற்காலில உக்காருவான்?"

அவர் ஆசைப்பட்டது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆசைப்பட்டதைக் கையிலிருந்து இறக்கி வைத்தவரை அவ்வளவு பக்கத்தில் நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அவர்மேல் எனக்கு அன்று வந்த மரியாதை அவர் வாசிப்பின்மேல்கூட வந்ததில்லை.

பிறகு வேறு பெயருக்கு அலைந்தோம். யமுனை என்றார் ஆசிரியர். ஒரு தரம் அதன் கரையில் போய் மூச்சு இழுத்துப் பாருங்கள் என்றார் டாக்டர். கொன்றை மரத்தின் டில்லிப் பெயரான அமல்தாஸ் என்றேன் நான். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு பிளே ஸ்கூலும் ஒரு கல்யாண மண்டபமும் இருக்கின்றன என்று என் கணவர் அடுத்த அறையிலிருந்து குரல் கொடுத்தார். இதெல்லாம் நடக்கும்போதே கீழே ஆன்ட்டியின் குரல் கேட்டது. யாரோ கூரியர் ஆள் மேலே என்ன சத்தம் என்று கேட்டிருக்க வேண்டும்.

"அரே, குச் நஹீ. இத்வார்வாலே ஹைன்" என்று அவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒன்றுமில்லை, ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள். நாங்கள் பெயருக்கு அலைந்துகொண்டிருக்க, காலனியில் எங்களுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் புழங்கிக்கொண்டிருந்தது. நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பேனரில் 'இத்வார்' என்று போடச் சொல்லிவிட்டோம்.

கச்சேரி சுமாராக நடந்தது. மாமாக்கள் சிலர் பகுதிக்குப் பகுதி நடுவே, தட்டக் கூடாத இடத்தில், கைதட்டினார்கள், ஒருவர் மைக் சரியில்லை என்று எழுந்து சொன்னார். நாங்கள் மைக்கே வைத்திருக்கவில்லை. அந்த இடத்தில் மட்டும் அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அந்த வாரமே சார் நாக்பூர் போய்விட்டார்.

அதற்கப்புறம் வந்த மாதங்களை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. நான் பயந்தபடியேதான் ஆயிற்று. மூன்று பேர் வந்தோம், காலி நாற்காலியைச் சுற்றி உட்கார்ந்து, மெட்டு இல்லாத மீதியை வாசித்தோம். முக்கியமான சொற்களை எல்லாம் அழித்துவிட்டு வாக்கியத்தைப் படிப்பது மாதிரி. பனிக்காலத்தில் புகை வேறு சேர்ந்துகொள்ள, ஆசிரியர் வராமல் போன ஞாயிறுகள் அதிகமாயின. டாக்டர் ஒருநாள், "இப்போதைக்கு நிறுத்தி வைப்போமா?" என்று கேட்டார். நான் அவசரமாகக் காபி போட எழுந்து போய்விட்டேன். அடுப்படியில் நின்று அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

கொன்றை பூத்த சமயம் ஒரு பெண் வந்தாள். டாக்டரிடம் கண் பரிசோதனைக்கு வந்தவள், வயலின் வாசிப்பவள் என்று பேச்சில் தெரிந்து அனுப்பியிருந்தார். வங்கியில் வேலை. தமிழ்ப் பெண்தான், ஆனால் டில்லியிலேயே பிறந்தவள். தமிழ் வாசிக்கத் தெரியாது. கீழ்வீட்டு ஆன்ட்டி அதற்குள் மகனோடு நொய்டா போய்விட்டிருந்தார்.

"ஆன்ட்டி, கேட்ல ஃப்ளாட் நம்பரே மறந்துபோச்சு. வயலின் பார்த்துட்டு கார்ட் பையாவே 'இத்வார்வாலே? தூஸ்ரி மஞ்ஜில்'னு ரெண்டாவது மாடிக்கு அனுப்பிட்டார்" என்றாள் மூச்சு வாங்க.

அவளுக்கு எதிலும் ஜல்தி. மெதுவான பகுதியைக்கூட அவசரமாகத்தான் எடுத்தாள். விரல் சுத்தம், வயலினின் குரல் சாருடையதைவிடக் கொஞ்சம் கூர்மை. அந்த இடம் வந்தது. அவள் நிற்காமல் மெட்டுக்குள் போய்விட்டாள். நாங்கள் மூன்று பேரும் போகவில்லை. போகக் கூடாது என்று பேசி வைத்துக்கொள்ளவில்லை, எங்கள் கை எழவில்லை, அவ்வளவுதான். அவள் ஒருத்தி மட்டும் தனியாக முன்னே போய் நின்றுவிட்டு, "சாரி, சாரி" என்று சிரித்தாள். மறுபடி வாசித்தோம். இந்த முறை அந்த இடத்தில் எங்களைத் திரும்பிப் பார்த்தாள், தயங்கினாள், கொஞ்சம் முந்திவிட்டாள். மூன்றாம் முறை அவள் யாரையும் பார்க்கவில்லை. வில் அந்தரத்தில் நின்றது. ஒரு விசில் நேரம். நான்கு பேரும் ஒன்றாக உள்ளே இறங்கினோம்.

கேள்வி கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை. "அங்க ஏம்மா நின்னே?"

"தெரியலையே ஆன்ட்டி. அங்க ஏதோ முடியணும்னு தோணிச்சு" என்றாள்.

குக்கர் கதையை நாங்கள் யாரும் அவளுக்கு அன்று சொல்லவில்லை. டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு வியோலாவைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த ஞாயிறு நாங்கள் வாசித்ததை என் போனில் பதிவு செய்து சாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். புதிய ஆள் வந்திருப்பதை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. கூட ஒரே வரி: "விளையாட்டு. பெயர் சொல்லுங்க." வேண்டுமென்றே வேறெதுவும் எழுதவில்லை.

சாயங்காலம் அவரே போன் செய்தார். கேட்டேன் என்றார். பின்னால் நாக்பூர்த் தெருவின் ஹாரன் சத்தம் வந்தது.

"இத்வார்" என்றார்.

"சரிதான் சார்."

"ஆன்ட்டியோட குக்கர் இன்னும் அடிச்சிண்டிருக்கா?"

"ஆன்ட்டி நொய்டா போயாச்சு சார். அந்த வீடு பூட்டிக் கிடக்கு."

"அப்படியா" என்றார். இன்னொரு தரம், தனக்குத்தானே சொல்வது போல, "அப்படியா" என்றார். முதல் வயலின் வாசிப்பது யார் என்று அவர் கடைசிவரை கேட்கவில்லை.